இரண்டு இலக்க ஆண்டு: பழைய டேட்டாவை ஏற்றும்போது நூற்றாண்டைத் தொலைக்காமல் இருக்க

பழைய மென்பொருளில் கிடக்கிற கணக்குகளைப் புதிய டேட்டாபேஸுக்கு மாற்றிக் கொடுப்பது என் தொழில். அலுவலகம் வடபழனியில். கிளிப்பர், ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய டேட்டாபேஸ் மென்பொருள்களின் காலத்துக் கூட்டுறவுச் சங்கப் பதிவுகள், பாரிமுனைப் பக்கத்து மருந்து மொத்தக் கடைகளின் சரக்குப் பட்டியல், பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேடு என்று எது வந்தாலும் அதில் ஓரிடத்திலாவது இரண்டு இலக்க ஆண்டு இருக்கும். 80 எழுத்து மட்டுமே கொள்ளும் துளை அட்டையில் ஆரம்பித்த பழக்கம் இது. 2000ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்போது செய்த திருத்தங்களில் நிறைய, 'இந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் 20, மேலே இருந்தால் 19' என்று கோடு போட்டுவிட்டு நகர்ந்தவைதான். அந்தக் கோடுகளை வருடங்கள் இப்போது ஒவ்வொன்றாக எட்டிக்கொண்டிருக்கின்றன.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற எல்லோரிடமும் நான் முதலில் சொல்வது இதுதான்: இரண்டு இலக்கத்தை நான்காக்கும் முடிவை லைப்ரரியிடம் (நம் நிரலில் எடுத்துப் போடும் ஆயத்த நிரல் தொகுப்பிடம்) விடாதீர்கள். அந்த ஃபீல்டு, அதாவது பதிவில் அந்தக் கட்டம், எதற்கு இருக்கிறது என்று தெரிந்த ஆள் எடுக்க வேண்டிய முடிவு அது. லைப்ரரிக்கு எண் தெரியும். அது பாட்டியின் பிறந்த நாளா, மாத்திரையின் காலாவதியா என்று தெரியாது.

ஒரே வரி, பல விடைகள்

ஒரு சிக்கன நாணயச் சங்கத்தின் உறுப்பினர் ஃபைலிலிருந்து ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். பெயரும் எண்ணும் வேண்டாம், தேதிகள் போதும். உறுப்பினர் பிறந்த தேதி 22-06-24. சங்கத்தில் சேர்ந்த தேதி 01-08-51. நாமினி பிறந்த தேதி 09-02-24. கடைசியில் தெரிந்த சரியான ஆண்டுகள் முறையே 1924, 1951, 2024.

இதைப் பைத்தானில் எழுத்தைத் தேதியாக்கும் ஸ்ட்ரிப்டைமிடம் (strptime) சின்ன ஒய் (%y, இரண்டு இலக்க ஆண்டு) போட்டுக் கொடுத்தால், 69 முதல் 99 வரை 1900களுக்கும் 00 முதல் 68 வரை 2000களுக்கும் போகும். ஆக, பிறப்பு 2024, சேர்ந்தது 2051. மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் கோடு 70இல் இருக்கிறது, ஆனாலும் இந்த வரிக்கு அதே விடைதான். எஸ்கியூஎல் சர்வர் டேட்டாபேஸின் இயல்பான எல்லை 2049, அதாவது 49 வரை 2000கள், 50 முதல் 1900கள். அதனால் பிறப்பு 2024, சேர்ந்தது 1951. ஆரக்கிள் டேட்டாபேஸில் ஆண்டுக்கு ஆர்ஆர் (RR) என்று வடிவம் கொடுத்தால் எஸ்கியூஎல் சர்வர் சொன்னதையே சொல்லும். ஒய்ஒய் (YY) என்று கொடுத்தால் எல்லாவற்றையும் நடப்பு நூற்றாண்டில் போட்டுவிடும். ஜாவாவின் புதிய தேதி வகுப்புகளில் ஒய்ஒய் என்றால் 2000 முதல் 2099 வரை, அவ்வளவுதான். ஜாவாஸ்கிரிப்டில் ஆண்டு, மாதம், நாள் என்று தனித்தனி எண்ணாகக் கொடுத்தால் 0 முதல் 99 வரை எல்லாம் 1900களுக்குப் போய்விடும். அப்போது பிறப்பு 1924, சேர்ந்தது 1951. உறுப்பினருக்கு இரண்டும் சரி! ஆனால் நாமினியும் 1924இல் பிறந்தவர் ஆகிவிடுகிறார்.

இதில் எனக்கு மிகவும் கவலை தருவது பைத்தான், மைஎஸ்கியூஎல் தருகிற விடை. 2024இல் பிறந்து 2051இல் சேர்ந்தவர் என்றால் சேரும்போது வயது 27. 'சேரும்போது 18 வயது முடிந்திருக்க வேண்டும்' என்று நீங்கள் எழுதி வைத்த சோதனை இதை நிம்மதியாகக் கடந்து போகும். இரண்டு தேதியும் சரியாக நூறு வருடம் தவறு, வித்தியாசம் மட்டும் சரி. எஸ்கியூஎல் சர்வர் தந்த விடையாவது பிறப்பதற்கு 73 வருடம் முன்பே சேர்ந்துவிட்டார் என்று கத்தும். அதனால் தேதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் மட்டும் போதாது. நூற்றாண்டு நிச்சயமாகத் தெரிந்த ஏதாவது ஒரு நாளோடும் ஒப்பிட வேண்டும். குறைந்தபட்சம் அந்த ஃபைல் எடுக்கப்பட்ட நாள் நம்மிடம் இருக்குமே.

இதெல்லாம் வெறும் கணினித் தொல்லை இல்லை. மத்திய அரசு ஓய்வூதியத்தில் 80 வயது முடிந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதல். 100 வயது ஆனால் 100 சதவீதம் கூடுதல். நூறு வயது தாண்டிய ஒருவரைச் சிறு குழந்தையாக்கும் மென்பொருள் அவருக்கு உரிய பணத்தை எடுத்துவிடுகிறது. அந்த வயதில் அவரால் எந்தக் கவுன்ட்டரில் போய் நின்று கேட்க முடியும்?

நூறு வருடத்துக்கு மேல் விரியும் ஃபீல்டில் கோடு உதவாது

ஏதாவது ஒரு எண்ணில் கோடு போட்டால் கிடைப்பது சரியாக நூறு வருடம். ஃபீல்டில் வரக்கூடிய மதிப்புகள் அதற்குள் அடங்கினால் நல்லது. கடன் ரசீதுத் தேதி, மருந்துக் காலாவதி, வண்டிப் பதிவு எல்லாம் அடங்கும். நோயாளியின் பிறந்த தேதி, சங்க உறுப்பினரின் பிறந்த தேதி அடங்காது. இன்று பிறந்த குழந்தையும் 102 வயதுப் பாட்டியும் ஒரே பட்டியலில் இருப்பார்கள். மேலே சொன்ன வரியிலேயே இரண்டு 24 இருக்கிறது, ஒன்று 1924, இன்னொன்று 2024. கோட்டை எங்கே நகர்த்தினாலும் ஒன்று தவறும். கோட்டை 30க்கு மாற்றிப் பார்க்கலாம், 25க்கு மாற்றிப் பார்க்கலாம் என்று மணிக்கணக்கில் விவாதிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தை வேறு சாட்சியம் தேடுவதில் போடுங்கள்.

நான் பின்பற்றும் முறை

ஒவ்வொரு இரண்டு இலக்க ஆண்டுக்கும் மூன்று நான்கு சாத்தியங்களை எழுதிக்கொள்கிறேன்: 18, 19, 20, தேவைப்பட்டால் 21 என்று முன்னால் ஒட்டி. அப்புறம் அந்த ஃபீல்டுக்கு ஒரு கீழ் எல்லை, ஒரு மேல் எல்லை. எல்லைக்குள் ஒன்றே ஒன்று மிஞ்சினால் ஏற்றுக்கொள்வேன். ஒன்றும் மிஞ்சாவிட்டால் அது பிழை, பட்டியலில் போகும். இரண்டு மிஞ்சினால் மனிதர் பார்க்க வேண்டும். நிரல் ஒருபோதும் தானாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. மொத்த ஃபங்ஷனும் இருபது முப்பது வரிக்குள் அடங்கிவிடும், எந்த மொழியிலும் எழுதலாம்.

இதில் முக்கியம் வரிசை. நிச்சயமாகத் தீர்க்கக்கூடிய ஃபீல்டை முதலில் தீர்க்க வேண்டும். நம் வரியில் அது சேர்ந்த தேதி. சங்கம் பதிவான ஆண்டுக்கு முன்னால் யாரும் சேர்ந்திருக்க முடியாது. அந்த ஆண்டு சங்கத்தின் பெயர்ப் பலகையிலேயே எழுதியிருந்தது. ஃபைல் எடுத்த நாளுக்குப் பின்னாலும் சேர்ந்திருக்க முடியாது. 1851 போச்சு, 2051 போச்சு, மிஞ்சியது 1951. இப்போது பிறந்த தேதிக்கு மேல் எல்லை கிடைத்துவிட்டது: 1951லிருந்து 18 கழித்தால் 1933. ஆகவே 2024 விழுந்துவிடுகிறது, 1824 எப்படியும் கிடையாது, 1924 நிற்கிறது. லைப்ரரிகள் தடுமாறிய இடத்தில் இரண்டு கழித்தலில் விடை வந்துவிட்டது.

நாமினிக்கு மட்டும் இரண்டு விடையும் நிற்கும். 1924இல் பிறந்த கணவராக இருக்கலாம், 2024இல் பிறந்த கொள்ளுப்பேரனாகவும் இருக்கலாம். உறவு என்ற கட்டம் காலியாக இருந்தது. சங்கத்தின் எழுத்தரிடம் பட்டியலைக் காட்டினேன். "கொள்ளுப்பேரன் மேடம். பாட்டி போன வருஷம் அவங்களே நேர்ல வந்து மாத்திட்டுப் போனாங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிற தகவல் எந்த டேட்டாபேஸிலும் இல்லை. மனிதர் பார்க்க வேண்டிய பட்டியலை முடிந்தவரை சின்னதாக்கி, அதைப் பார்க்கத் தகுதியானவர் கையில் கொடுப்பதுதான் நம் வேலை. உங்கள் அலுவலகத்தில் இருக்கும் புது டெவலப்பரிடம் கொடுத்து 'பார்த்துப் போடுப்பா' என்று சொல்வதற்கான பட்டியல் அல்ல அது.

பழைய எழுத்தை அப்படியே இன்னொரு ஃபீல்டில் வைத்துக்கொள்ளுங்கள். 22-06-24 என்று வந்தது, 1924 என்று முடிவு செய்தோம், சேர்ந்த தேதியை வைத்து முடிவு செய்தோம் என மூன்றும் இருக்க வேண்டும். இடம் கொஞ்சம் கூடுதலாகும், பரவாயில்லை. மூன்று வருடம் கழித்து யாராவது கேள்வி கேட்டால் அன்றைக்கு இதுதான் பதில்.

சாட்சியம் எங்கே கிடைக்கும்

தேதியோடு கிழமை எழுதியிருந்தால் அதிர்ஷ்டம். 22-06-1924 ஞாயிற்றுக்கிழமை, 22-06-2024 சனிக்கிழமை. இப்போதுள்ள தேதிகளில் நூறு வருடம் தள்ளினால் கிழமை மாறாமல் இருப்பதில்லை, ஆகவே கிழமை ஒன்றே நூற்றாண்டைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நம் ஊரில் இன்னொரு சாட்சியம் உண்டு. பழைய ஜாதகக் குறிப்பு, அடமானப் பத்திரம், கோயில் கணக்கு இவற்றில் தமிழ் ஆண்டின் பெயர் இருக்கும். அறுபது ஆண்டுச் சுழற்சியும் நூறு ஆண்டுச் சுழற்சியும் ஒன்றோடொன்று ஒட்டாது. 1924 சித்திரையில் பிறந்த ஆண்டு ரக்தாட்சி. 2024 சித்திரையில் பிறந்தது குரோதி. ரக்தாட்சி வருஷம் ஆனி மாதம் என்று குடும்பத்தில் யாராவது சொன்னால் 24 எந்த 24 என்று தெரிந்துவிடும். ஒன்றே ஒன்று கவனிக்க வேண்டும்: குரோதி வேறு, குரோதன வேறு. கையெழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். தை முதல் பங்குனி வரையிலான தேதிகளுக்கு ஆங்கில ஆண்டு ஒன்று கூடிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

29-02-00 என்று வந்தால் யோசிக்கவே வேண்டாம். 1900 லீப் ஆண்டு அல்ல, 2000 லீப் ஆண்டு. அந்தத் தேதிக்கு ஒரே விடைதான். ஆனால் எக்செல் 1900ஐயும் லீப் ஆண்டாகவே கணக்கிடும், பழைய லோட்டஸ் 1-2-3 விரிதாள் மென்பொருளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. அதனால் இந்தச் சோதனையை எக்செலில் செய்யாதீர்கள்.

அப்புறம், தேதியே இல்லாத தேதிகள். 01-01-01, 31-12-99, 09-09-99 போன்றவை 'தெரியாது' அல்லது 'முடிவு கிடையாது' என்பதற்காக யாரோ அடித்தவையாக இருக்கும். ஒவ்வொரு தேதி ஃபீல்டிலும் எந்த மதிப்பு எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரே நாள் குவிந்து கிடந்தால் கேளுங்கள். பிறந்த தேதிகள் மே, ஜூன் மாதங்களில் கொஞ்சம் குவிவது மட்டும் வேறு விஷயம். பள்ளியில் சேர்க்கும்போது வயது ஒத்துவர வேண்டும் என்று அந்த மாதங்களைப் போட்ட தலைமுறை அது. அந்தத் தேதிதான் அவர்களின் எல்லாச் சான்றிதழ்களிலும் இருக்கும், அதைத் தொடக்கூடாது.

ஃபாக்ஸ்ப்ரோ, கிளிப்பர் ஃபைல்கள்

இதில் ஒரு நல்ல செய்தி. இந்த மென்பொருள்கள் டேட்டாவைச் சேமிக்கும் டிபிஎஃப் (.dbf) ஃபைலில் தேதி வகை ஃபீல்டு உள்ளே எட்டு எழுத்தாக, நான்கு இலக்க ஆண்டோடுதான் சேமிக்கப்படுகிறது. திரையில் இரண்டு இலக்கம் தெரிவது செட் செஞ்சுரி ஆஃப் என்ற அமைப்பால். ஆகவே அந்த மென்பொருளின் ரிப்போர்ட்டை எடுத்து அதிலிருந்து ஏற்றாதீர்கள். டிபிஎஃப்பையே நேரடியாகப் படியுங்கள். பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி: 2000க்குப் பிறகும் அந்த அமைப்பை மாற்றாமல் தட்டியிருந்தால், உள்ளே போயிருப்பது 19 தான். 05 என்று அடித்த ரசீது 1905இல் உட்கார்ந்திருக்கும். கிளிப்பரில் செட் எபாக் என்று தொடக்க ஆண்டைக் கொடுக்கும் வசதி உண்டு. கொடுக்காவிட்டால் அது 1900. சங்கமோ கடையோ தொடங்குவதற்கு முந்தைய பரிவர்த்தனைகள் இருக்கின்றனவா என்று டேட்டாபேஸில் ஒரு கொரி (query, தேடல்) போட்டாலே தெரிந்துவிடும். தேதியை எழுத்து வகை ஃபீல்டில் வைத்திருந்தால் மேலே சொன்ன முறைதான் வழி.

எக்செல்

சென்னையில் எந்த அலுவலகத்திலும் டேட்டா ஒரு தடவையாவது எக்செலுக்குள் போய்விட்டுத்தான் வரும். எக்செலில் நெடுங்காலமாக இருக்கும் இயல்பான எல்லை: 00 முதல் 29 வரை 2000கள், 30 முதல் 99 வரை 1900கள். விண்டோஸின் வட்டார அமைப்பில் எல்லை வேறாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளும், ஆகவே ஒரே ஷீட்டில் ஒரே தேதியைத் தட்டினாலும் இரண்டு கணினியில் இரண்டு ஆண்டு வரலாம். 2025 ஜூலையில் போட்ட ஐந்து வருட எஃப்டியின் முதிர்வு 2030 ஜூலை. பழைய எல்லை உள்ள கணினியில் 15-07-30 என்று தட்டிப் பாருங்கள், 1930 ஜூலையில் முதிர்ந்துவிடும். முப்பது வருட வீட்டுக் கடனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இன்னொன்று, இதைவிட ஓசையில்லாமல் நடப்பது. எக்செலுக்குள் தேதி முழுதாக இருந்தாலும், சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைலாக) சேமிக்கும்போது திரையில் என்ன வடிவத்தில் தெரிகிறதோ அதுதான் ஃபைலுக்குள் போகும். செல்லில் இரண்டு இலக்க ஆண்டு வடிவம் இருந்தால், 1924 என்று சரியாக இருந்த தேதி 24 ஆகிவிடும். அதை மறுபடி திறந்தால் 2024. ஒருவரும் எதையும் தட்டவில்லை, நூறு வருடம் போய்விட்டது. சேமிக்கும் முன் தேதி இருக்கும் எல்லாப் பத்திகளுக்கும் ஆண்டு-மாதம்-நாள், நான்கு இலக்கம் என்று வடிவம் மாற்றுங்கள். வாங்கும்போது தேதிப் பத்தியை டெக்ஸ்டாக இறக்குமதி செய்யுங்கள்.

'இன்று' எது

பழைய ஜாவாவில் தேதியைப் படிக்கும் சிம்பிள்டேட்ஃபார்மட் நகரும் எல்லை வைத்திருக்கிறது: அது உருவாகும் நேரத்திலிருந்து 80 வருடம் பின்னால், 20 வருடம் முன்னால். 46 என்பதை 2025இல் படித்தால் 1946. அதே ஃபைலை 2027இல் மறுபடி ஏற்றினால் 2046. டேட்டா மாறவில்லை, நிரல் மாறவில்லை, விடை மாறிவிட்டது. எல்லைகளை நிரல் ஓடும் நாளிலிருந்து கணக்கிடாதீர்கள். ஆவணம் எழுதப்பட்ட நாளை ஃபங்ஷனுக்குள் கொடுங்கள்.

மருந்துப் பெட்டியின் பார்கோடில் 17 என்ற குறியீட்டுக்குப் பின் வரும் ஆறு இலக்கம் காலாவதித் தேதி: ஆண்டு, மாதம், நாள், இரண்டிரண்டு இலக்கமாக. இதற்குப் பார்கோடு தரங்களை வகுக்கும் ஜிஎஸ்1 அமைப்பே விதி வைத்திருக்கிறது. நடப்பு ஆண்டிலிருந்து 49 வருடம் பின்னால், 50 வருடம் முன்னால். சரக்கு வந்து இறங்கும்போதே படித்து நான்கு இலக்கமாக்கிவிட்டால் இங்கே நகரும் எல்லை சரிதான். நாள் இடத்தில் 00 வந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் என்று பொருள். அதைப் பிழை என்று தள்ளிவிடும் நிரல்கள் உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டின் அடியில் கணினி படிக்கும் பகுதியிலும் பிறந்த தேதி, காலாவதி இரண்டுக்கும் ஆண்டு இரண்டு இலக்கம்தான். ஒரே வரியில் இரு தேதி, ஒன்று பின்னோக்கி, ஒன்று பெரும்பாலும் முன்னோக்கி. ஒரே எல்லையை இரண்டுக்கும் போடக்கூடாது.

நாள், மாதம் குழம்பியிருக்கிறதா என்பதையும் இதே நேரத்தில் பார்த்துவிடுங்கள். ஒரு பத்தி முழுக்க முதல் இரண்டு இலக்கத்தில் 12க்கு மேல் எதுவுமே இல்லையென்றால் அது மாதம். 05-06-07 என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

தட்டச்சு செய்பவரின் கை

புதிய திரையில் நான்கு இலக்கம் கட்டாயம் என்று வைத்தால், ஆறு இலக்கத்தை வேகமாகத் தட்டிப் பழகிய எழுத்தர்கள் சிரமப்படுவார்கள். அவர்கள் வேகத்தைக் குறைக்க நமக்கு உரிமை இல்லை என்றே நினைக்கிறேன். ஆறு தட்டட்டும். அடுத்த கட்டத்துக்குப் போகும் நொடியில் நான்கு இலக்கமாக விரித்து, பிறந்த தேதி என்றால் பக்கத்திலேயே வயதையும் காட்டுங்கள். ஆண்டு தவறினால் கண்ணில் படாமல் போகலாம். '2 வயது' என்று எதிரில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்குப் பக்கத்தில் தெரிந்தால் யாரும் விடமாட்டார்கள்.

சோதனைக்கு வைக்க வேண்டிய ஆண்டுகள்: 00, 29, 30, 49, 50, 68, 69, 70, 99. மேலே சொன்ன கருவிகளின் நகராத கோடு ஒவ்வொன்றுக்கும் இருபுறமும் இவற்றில் அடங்கிவிடும். அதோடு 29-02-00, நடப்பு ஆண்டு, அடுத்த ஆண்டு, சரியாக நூறு வருடம் முந்தைய ஆண்டு.

இரண்டு இலக்கம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நான் விடும் இடம் ஜிஎஸ்டி இன்வாய்ஸ் எண். விதிப்படி அது 16 எழுத்தைத் தாண்டக்கூடாது. ஊர்ச் சுருக்கம் மூன்று எழுத்து, சாய்கோடு, 25-26 என்று நிதியாண்டு, மறுபடி சாய்கோடு, ஆறு இலக்க வரிசை எண் என்று போட்டால் சரியாக 16. நிதியாண்டை 2025-26 என்று எழுதினால் வரிசை எண்ணில் இரண்டு இலக்கம் போய்விடும். அது ஒரு பெயர், தேதி அல்ல. அந்த எண்ணை வெட்டி எடுத்து அதிலிருந்து ஆண்டைக் கண்டுபிடிக்கிற நிரலை மட்டும் யாரும் எழுத வேண்டாம். இன்வாய்ஸ் தேதி என்று தனி ஃபீல்டு இருக்கிறது, அதில் நான்கு இலக்கம் இருக்கும்.